ஜாமீன் வந்தும் வெளியே விடாதது ஏன்? குண்டாஸும் நன்னடத்தைப் பிணையும்

"ஜாமீன் ஆர்டர் கைல இருக்கு, பொறவு ஏன் விட மாட்டேங்காவ?" பாளையங்கோட்டை மத்திய சிறை வாசலில் ஒரு தாய் இப்படிக் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். பையன் மேல் குண்டாஸ் போட்டிருக்கிறார்கள். ஜாமீன் கிடைத்தது வழக்கில். குண்டாஸ் என்பது வழக்கே இல்லை.

அது குண்டர் தடுப்புச் சட்டம் என்று எல்லோரும் சொல்லும், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம். செய்த குற்றத்துக்குத் தண்டனை தருவது அதன் வேலையல்ல. வெளியே விட்டால் மறுபடி செய்வான் என்று கருதி முன்கூட்டியே அடைத்து வைப்பது. சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கிய பட்டியலில் திருட்டு விசிடி 2004லும், சைபர் குற்றம், பாலியல் குற்றம் 2014லும் சேர்ந்தன. மணல் கடத்தலும் இடையில் சேர்ந்தது. ஆணை போடுவது நீதிபதி அல்ல. நெல்லை மாநகருக்குள் போலீஸ் கமிஷனர், மற்ற இடங்களில் கலெக்டர். அதிகபட்சம் 12 மாதம்.

நீதிபதி இல்லாத குறைக்குச் சட்டம் வைத்திருக்கும் ஈடு, நாள் கணக்கு. பிடித்து வைத்ததற்கான காரணங்களைச் சாதாரணமாக 5 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும், அதுவும் அவருக்குப் புரியும் மொழியில். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கில நகலை நீட்டிவிட்டு மொழிபெயர்ப்பு தராமல் விட்டதற்காகவே ரத்தான ஆணைகள் உண்டு. 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை செல்லாது. 3 வாரத்துக்குள் கோப்பு, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். 7 வாரத்துக்குள் கழகத்தின் அறிக்கை அரசுக்கு வர வேண்டும். போதிய காரணம் இல்லை என்று கழகம் சொல்லிவிட்டால் விட்டாக வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. உள்ளே இருப்பவர்தான் பேச வேண்டும்.

ஆணையை எதிர்த்துக் கொடுக்கும் முறையீட்டு மனுவில்தான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. அரசு ஒப்புதல் தரும்வரை ஆணை போட்ட அதிகாரியிடமே முறையிடலாம்; ஒப்புதல் வந்தபின் அவர் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே உள்துறைச் செயலாளருக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் தனித்தனியே அனுப்புங்கள், தேதி தெரியும் ரசீதோடு. பதில் சொல்ல அரசு காரணமில்லாமல் இழுத்தடித்தால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடும்போது அந்த ரசீதே பெரிய ஆயுதம். சாதாரணச் சட்டமே போதும் என்கிற இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ரேகா வழக்கில் சொன்னதையும் வக்கீல் எடுத்து வைப்பார். அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன குண்டாஸ் வழக்குதான்.

தண்டனைக் காலம் முடிந்தவரை 'ஆபத்தானவர்' என்று தொடர்ந்து உள்ளே வைக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பாலியல் குற்றவாளிகளுக்கு 2003 முதல் அப்படி ஒன்று உண்டு. தொடர்ந்து அடைப்பதா, நிபந்தனையோடு வெளியே விட்டுக் கண்காணிப்பதா என்பதை அங்கே நீதிமன்றம் முடிவு செய்கிறது. அடைத்தால் முதல் மறு ஆய்வு இரண்டாண்டுக்குள், பிறகு ஆண்டுதோறும். முடிவு நீதிபதியிடம் இருப்பது எனக்கு நல்லதாகத்தான் படுகிறது.

நம் ஊரில் வெளியே விட்டுக் கண்காணிப்பது என்றால் பாண்டு, அதாவது ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரம். 'ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டான்' என்கிறோமே, அதுதான். இந்த ஆர்டிஓ வருவாய்க் கோட்டாட்சியர்; வண்டி லைசென்ஸ் தரும் ஆபீஸ் அல்ல. இதில் இரண்டு வகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, அமைதி காக்கும் பிணை, ஓராண்டு வரை. அதன் 110, வாடிக்கைக் குற்றவாளிகளுக்கான நன்னடத்தைப் பிணை. ஜாமீன்தாரரோடு மூன்றாண்டு வரை. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) இவை 126, 129. இரண்டுக்கும் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், வக்கீல் வரலாம்.

காகிதத்தில் எந்த எண் என்று பாருங்கள். அமைதிப் பிணையை மீறினால் மிச்சக் காலத்துக்குச் சிறை உண்டு. நன்னடத்தைப் பிணையை மீறினால் பிணைத் தொகைதான் பறிபோகும். அந்த மீறலுக்காகவே சிறையில் போட முடியாது. ஆனால் கேட்ட ஜாமீன்தாரரைத் தராவிட்டால் உள்ளே போக நேரிடும். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. அமைதிப் பிணையை மீறியவரையும் ஆர்டிஓவே சிறைக்கு அனுப்பக் கூடாது, நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்றது. மாநகரத் துணை கமிஷனர்களுக்கு இந்தப் பிணைகளை வாங்கும் அதிகாரத்தைத் தந்த அரசாணைகளையும் அதே தீர்ப்பில் ரத்து செய்தது. பாண்டு மீறினான் என்று பையனைக் கூட்டிப் போனால், எந்தப் பிரிவு, யார் போட்ட ஆணை என்று கேட்டு நகல் வாங்கிக்கொண்டு அப்புறம் வக்கீலிடம் போங்கள்.