பணப் பரிமாற்றம்: திருப்பித் தர வேண்டாத பணத்துக்கு இந்தப் பெயர் ஏன்?

ஏழைக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் அரசு நேராகப் போடும் பணத்தைச் செய்திகளில் ‘நேரடிப் பணப் பரிமாற்றம்’ என்று எழுதுகிறார்கள். ‘டைரக்ட் கேஷ் டிரான்ஸ்ஃபர்’ என்பதற்குப் போட்ட சொல் இது. டிரான்ஸ்ஃபர் இலத்தீன் வழி வந்தது: ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல். இங்கிருந்து எடுத்துப்போய் அங்கே சேர்ப்பதோடு வேலை முடிந்தது. பரிமாற்றத்துக்கோ இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் வேண்டும். கருத்துப் பரிமாற்றம், பண்டப் பரிமாற்றம் எல்லாம் அப்படித்தான். (பந்தியில் பரிமாறுவது மட்டும் ஒருவழி. அந்தப் பொருள் பெயர்ச்சொல்லில் ஒட்டவில்லை.) கிராமத்தில் ‘மாற்று’ என்றாலே திரும்பக் கேட்பார்கள் என்ற நினைப்பு வரும். வட்டியில்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் நூறு, இருநூறுக்குக் ‘கைமாத்து’ என்றுதானே பெயர்!

‘மானியம்’ என்பாரும் உண்டு. வடமொழி ‘மான்ய’, மதிப்புக்குரியது என்று பொருள். கோயிலுக்கும் ஊழியத்துக்கும் வரி நீக்கி விட்ட நிலம் முன்பு மானியம். கல்வெட்டுத் தமிழில் இறையிலி, அதாவது இறை (வரி) இல்லாதது. இன்று ஒரு பொருளின் விலையில் அரசு ஏற்கும் பங்கு மானியம். சிலிண்டருக்கு அது பொருந்தும்: முழு விலை கொடுத்தவருக்கு ஒரு பகுதி கணக்கில் திரும்புகிறது. எதையும் வாங்காமலே வரும் மாதப் பணத்துக்குப் பொருந்தாது. உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் ‘கிசான் சம்மான்’ திட்டத்தின் பெயரிலும் அதே ‘மான’ வேர்தான் இருக்கிறது.

சரியான தமிழ், ‘தொகை’. தொகுத்தது தொகை. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் எதற்காகத் தருகிறார்கள் என்பதும் விளங்கிவிடும். முதியோருக்கு உதவித்தொகை (ஊர் வழக்கில் ‘ஓஏபி பணம்’), மாணவருக்கு ஊக்கத்தொகை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1,000 ரூபாய், மகளிர் உரிமைத்தொகை. கூலி இல்லாத வீட்டு வேலைக்கு அங்கீகாரம் என்று அரசு சொன்னதால் ‘உதவி’ போய் ‘உரிமை’ வந்தது. தேதி தெரிந்து வரும் பணம் என்பதால் அதை நம்பி மளிகைக் கடைக்காரர் கடன் தருவார். சிலிண்டருக்குக் கைமாத்துக் கேட்டு அலைய வேண்டியதில்லை. இலங்கையில் இதற்கெல்லாம் ‘கொடுப்பனவு’ என்பார்கள், அதுவும் நல்ல சொல். பொதுப்பெயராக ‘நேரடித் தொகை வழங்கல்’ என்று எழுதலாம்.

‘நேரடி’ என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. கையூட்டு வாங்கும் இடைத்தரகர் இல்லை என்பதே அதன் பொருள். நடுவில் இயந்திரங்கள் உண்டு. துறை அனுப்பும் பட்டியலில் ஆதார் எண் இருக்கும். வங்கிகளுக்கிடையே பணம் போக வழிசெய்யும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் (என்பிசிஐ) பதிவேட்டில் அந்த எண் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ, பணம் அங்கே போகும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக இணைத்ததே நிற்கும். இன்னொரு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கும்போது இணைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவர், பழைய பாஸ்புக்கை நீட்டிப் ‘பணம் வரலை’ என்பது இதனால்தான். ஆதார் நகலை வங்கியில் கொடுத்திருப்பது அடையாளச் சான்றுக்கு மட்டும். உதவித்தொகைக்கான இணைப்புக்குத் தனிப் படிவம் உண்டு, அதைக் கேட்டு வாங்கி எழுதித் தர வேண்டும். எந்த வங்கி நிற்கிறது என்பதை ‘மை ஆதார்’ தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்காக இருந்தால் வரும் ஆயிரத்தில் பழைய அபராதம் கழியும்; உரிமைத்தொகை வந்த முதல் மாதமே இந்தப் புகார் எழுந்தது. இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்தால் அதன் பிறகு இருப்புக் குறைவுக்குப் புது அபராதம் விழாது. கருவியில் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல்: களை பறித்தும் செங்கல் சுமந்தும் தேய்ந்த விரலில் ரேகை விழாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், கருவியிலிருந்து வரும் சீட்டை வாங்காமல் நகரக் கூடாது.