கிணற்றுத் தண்ணீர் சொன்ன பொய்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வளவில் மதிலோரம் நிற்கும் எங்கள் எக்ஸோராப் பூச்செடிக்கு இளம் இலைகள் மஞ்சளாகத்தான் வரும்; நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் இப்படித்தான் ஆகும். வேடிக்கை என்னவென்றால், நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டால் வந்தது. மண் காரமாகிவிட்டால் அந்த இரும்பு நீரில் கரையாது, கரையாததை வேரால் எடுக்க முடியாது. ஆகவே சந்தேகம் மண்ணின் காரத்தன்மைமேல் விழுந்தது.

அதைப் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. செவ்வரத்தை, நீலச் சங்குப்பூ, சிவப்புக் கோவா எல்லாவற்றிலும் அந்தோசயனின் சாயம் உண்டு. அமிலத்தில் ஐதரசன் அயன்கள் மிகுதி. அதில் ஒன்று சாய மூலக்கூறில் ஒட்டியிருக்கும்வரை நிறம் சிவப்பு. அயன் கழன்றால் மூலக்கூறு உறிஞ்சும் ஒளி மாறி ஊதா, பிறகு நீலம். காரம் ஏற ஏறப் பச்சை. வயலட் பூச்சாற்றில் இதைக் கண்டு 1664 இலேயே விஞ்ஞானி ரொபேட் பொயில் எழுதிவிட்டார். அமிலம், காரம் எவ்வளவு என்று எண்ணில் சொல்லும் சோரன்சனின் பி.எச் அளவுகோல் 1909 இல்தான் வந்தது. அதில் ஒரு படி ஏறினால் ஐதரசன் அயன் பத்து மடங்கு குறையும்.

மஞ்சளும் இப்படி நிறம் மாறிக் காரத்தைச் சொல்லும் ஒரு காட்டிதான். கறி பட்ட வேட்டிக்குச் சவர்க்காரம் போட்டால் கறை சிவப்பதைப் பார்க்காதவர் யார்? ஆனால் நல்ல காரத்தில்தான் மஞ்சள் சிவக்கும், அமில மண்ணைப் பற்றி வாயே திறக்காது. சங்குப்பூ நடுவில் நெடுந்தூரம் நீலமாகவே நிற்கும். மண்ணுக்கு என் தெரிவு சிவப்புக் கோவா. அமிலமும் இல்லாத காரமும் இல்லாத நடுநிலையான பி.எச் 7 ஐச் சுற்றி ஊதாவிலிருந்து நீலத்துக்கு அதன் நிறம் தெளிவாக நகரும்.

இலையை அரிந்து, கொதிநீரில் ஊறவிட்டு வடித்தால் சாறு தயார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிளாசில் தேசிக்காய்ப் புளி, இன்னொன்றில் அப்பச்சோடா கரைசல்: முதலாவது இளஞ்சிவப்பு, மற்றது பச்சை கலந்த நீலம். ஒரு சாண் ஆழத்து மண்ணை நிழலில் உலர்த்தி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் குலுக்கி, இரவு முழுக்கத் தெளியவிட வேண்டும். செம்மண் இலேசில் அடங்காது. கலங்கல் நீரில் எந்த நிறமும் செங்கபிலமாகத்தான் தெரியும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துச் சாற்றில் விட வேண்டும்.

முதல் தடவை மதிலடி மண், மாமரத்தடி மண் இரண்டும் ஒரே நீலம். வளவு முழுக்கக் காரம் என்று முடிவுகட்டப் போனேன். எதற்கும் பார்ப்போமென்று மண்ணே போடாத வெறும் கிணற்றுத் தண்ணீரை விட்டால், அதுவும் அதே நீலம்! அவ்வளவு நேரமும் நான் சோதித்தது கிணற்றைத்தான். நம் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் மண்ணில் உள்ள காபனீரொட்சைட்டோடு இறங்கி அந்தக் கல்லைக் கரைக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அப்படிக் கல் கரைந்து இந்தத் தண்ணீரில் நிறைந்திருக்கும் இருகாபனேற்று, மண்ணின் சிறு அமிலத்தை விழுங்கிவிடும்.

அதனால் மழைநீர்தான் நல்லது, அதுவும் கூரையில் படாமல் திறந்த வெளியில் பிடித்தது. மழை இல்லாத மாதத்தில் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர் வாங்கலாம். பக்கத்திலேயே அமிலப் போத்தலும் இருக்கும், மாறி எடுத்துவிடாதீர்கள்.

மழைநீரில் திரும்பச் செய்தபோது மாமரத்தடி மண் ஊதாவில் நின்றது. மதிலடி மண் பச்சை கலந்த நீலம். அந்த மண்ணில் வினாகிரி விட்டேன், சொர்ரென்று நுரைத்தது. கிளறினால், மதில் கட்டிய மேசன் கொட்டிப்போன சுண்ணாம்பும் சீமெந்தும் பொடியாகக் கிடக்கின்றன. அதில் உள்ள கல்சியம் காபனேற்றிலிருந்து காபனீரொட்சைட்டு கிளம்புகிறது, அதுதான் நுரை.

இவ்வளவு சுண்ணாம்பு கிடக்கும் இடத்தில் கந்தகம் போட்டு அமிலமாக்க நினைப்பது வீண் செலவு. ஒரு கிளையை வெட்டி, இலைமக்கு நிறைத்த சாடியில் ஊன்றி, மாரியில் பிடித்து வைத்த தண்ணீரை விடுகிறேன். அதன் தளிர் பச்சையாக வந்திருக்கிறது. தாய்ச்செடி மதிலடியில் இன்னும் மஞ்சள்தான்.