தோட்டக் கழிவுக்கான சட்டமும் மண்ணில் வாழும் சிற்றுயிர்களும்: கோலாலம்பூர் தரை வீட்டுக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

கோலாலம்பூரில் தரை வீடுகளில் குடியிருப்போர், உதிர்ந்த இலைகளையும் வெட்டிய புல்லையும் சமையலறைக் குப்பையோடு ஒரே பையில் கட்டி வெளியே வைப்பது விதிமீறலாகும். திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007, அதாவது சட்டம் 672, 2011 செப்டம்பர் 1 முதல் தலைநகரில் நடப்பில் உள்ளது. அதன்கீழ் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் கட்டாயம் 2015 செப்டம்பர் 1-இல் தொடங்கியது. 2016 ஜூன் 1 முதல் அபராதத்தோடு அமலாக்கப்படுகிறது. பினாங்கும் சிலாங்கூரும் இச்சட்டத்தை ஏற்காததால், அங்குள்ள உறவினர்கள் சொல்லும் நடைமுறை இங்கே பொருந்தாது.

வாரத்தில் இரண்டு நாள் உணவுக் கழிவு, டயப்பர் போன்ற எஞ்சிய குப்பையை லோரி எடுத்துச் செல்லும். மற்றொரு நாள் மறுசுழற்சிப் பொருள்கள், பழைய தளவாடங்கள், தோட்டக் கழிவு ஆகியவற்றுக்கு உரியது. பிரித்து வைக்காத தரை வீட்டாருக்கு முதல் முறை 50 ரிங்கிட், அடுத்து 100, மூன்றாம் முறை 500 ரிங்கிட் என அபராதம் உயரும்; அதன் பிறகு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்.

இலைகளைக் கட்டாயம் லோரியில்தான் ஏற்ற வேண்டுமா என்று பலரும் கேட்கின்றனர். வேண்டியதில்லை. வெளியே வைக்கும் குப்பை தரம் பிரிந்திருக்க வேண்டும் என்பதே விதி. சொந்தத் தோட்டத்தில் இலையை மக்க விடுவது அதை மீறுவதாகாது. எரிப்பதுதான் கூடாது: சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இன் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது.

மக்க விடுவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. தலைநகரின் குப்பை தாமான் பெரிங்கின் குப்பை இடமாற்று நிலையம் வழியாக உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் குப்பை நிரப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கே காற்றுப் புகாத ஆழத்தில் புதையும் இலை, மீத்தேனாகவும் கசிவு நீராகவும் சிதைகிறது. அதே இலை ரம்புத்தான் மரத்தடியிலேயே கிடந்தால் அதைப் பக்குவப்படுத்தும் உயிர்கள் ஏற்கெனவே அங்கு இருக்கின்றன. ஈரமான இலையடுக்கைத் தூக்கி ஒரு வெள்ளைத் தாளின்மேல் உதறினால், எள்ளைவிடச் சிறிய புள்ளிகள் எகிறிக் குதிப்பதைக் காணலாம், அவை ஸ்பிரிங்டெயில்கள். அவற்றோடு சிற்றுண்ணிகளும் மரவட்டைகளும் மண்புழுக்களும் சேர்ந்து, இலையின் சதையைக் கடித்துத் துகளாக்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் பற்றும் பரப்பைப் பெருக்குகின்றன.

இதைவிட முக்கியமான வேலை, பலர் அறியாதது, கண்ணுக்கே தெரியாத நூற்புழுக்களுடையது. பாக்டீரியாவின் உடலில் ஏறத்தாழ ஐந்து பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் உண்டு. நூற்புழுவுக்குப் பத்துப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் போதும். ஆகவே பாக்டீரியாவைத் தின்னும் நூற்புழு, மிஞ்சிய நைட்ரஜனை அம்மோனியமாக வெளியேற்றுகிறது. அதை வேர்கள் நேரடியாக உறிஞ்சுகின்றன. பாக்டீரியாவின் உடலில் அடைபட்டிருந்த சத்து கறிவேப்பிலைச் செடிக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான்.

இவ்வுயிர்களுக்கு ஈரமும் காற்றும் தேவை. காய்ந்த இலையில் கரிமம் மிகுதி. காய்கறித் தோலில் நைட்ரஜன் மிகுதி. இரண்டையும் கலந்து, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் அமைந்தால் குவியல் விரைவில் மக்கும். விருந்துக்குப் பின் மிஞ்சும் வாழையிலையைக் கிழித்துப் போடலாம். ஆனால் அதில் ஒட்டிய குழம்பையும் எண்ணெயையும் வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லையேல் எலி வரும். குவியலின்மேல் பூச்சிமருந்து அடிப்பது, வேலை செய்யும் உயிர்களையே கொல்வதாகும்.

தொட்டியில் மக்க வைப்போர் அடியில் துளையிட்டு, மழை நீர் தேங்காமல் மூடி வைக்க வேண்டும். ஏடிஸ் கொசுப் புழுக்கள் அதில் காணப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழித்தல் சட்டம் 1975-இன்கீழ் வீட்டுக்காரர்மீதே நடவடிக்கை எடுக்கப்படலாம்.