மூன்று ஓட்டைகள் சரியாக வந்தால் பாதி வேலை முடிந்தது

மினி டிராக்டர் வாங்கியவர் கொஞ்ச நாளில் வெல்டிங் பட்டறைப் பக்கம் போகாமல் இருக்க மாட்டார். மண் நிரவும் பிளேடு புதிதாக வாங்கினால் விலை கடிக்கும். காயலாங்கடையில் சேனலும் (சி வடிவ இரும்புச் சட்டம்) பிளேட்டும் (இரும்புத் தகடு) எடை போட்டே கிடைக்கின்றன. டிராக்டரோடு மாட்டக் கீழே இரண்டு பின், மேலே ஒரு பின், குறுக்கே ஒரு பிளேடு, அவ்வளவுதானே? பட்டறையில் பேச்சு உடனே இரும்பின் கனத்துக்குப் போய்விடும்: எட்டு எம்.எம். போதுமா, பத்து போடலாமா? என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அந்தப் பின்களுக்கான மூன்று ஓட்டைகளும் எங்கே வர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

கருவியை டிராக்டரின் பின்னால் மூன்று இடங்களில் மாட்டும் இந்த மூன்று புள்ளி இணைப்பு நமக்கு வந்தது ஹாரி பெர்குசன் என்ற வட அயர்லாந்துக்காரரால். அவர் காலத்து டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் கட்டித்தான் இழுத்தன. கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிடும், இஞ்சின் நிற்காது. சக்கரத்தைச் சுற்ற முடியாத இஞ்சின் வண்டியையே பின்பக்க ஆக்ஸிலைச் சுற்றி மேலே தூக்கி, ஓட்டுபவர் மேல் கவிழ்த்துவிடும். போர்டுசன் டிராக்டர் இதற்குப் பேர்போனது.

பெர்குசன் கலப்பையைக் கீழே இரண்டு கைகளாலும் மேலே ஒரு டாப் லிங்காலும் (மேல் இணைப்புக் கம்பி) வண்டியோடு பிணைத்தார். இப்போது கலப்பை மாட்டினால் என்ன நடக்கும்? மண் கலப்பையின் அடியைப் பின்னால் இழுக்கும். அதனால் அதன் தலை முன்னால் சாய்ந்து டாப் லிங்கைத் தள்ளும். அந்தத் தள்ளல் ஆக்ஸிலுக்கு மேலே விழுவதால், எழப் பார்க்கும் முன்பக்கம் கீழே அழுத்தப்படுகிறது. அதே தள்ளலை, கருவியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக்குக்குச் சைகையாக்கி, மண் இறுகினால் கலப்பை தானே சற்று மேலேறும்படியும் செய்தார். 1926இல் காப்புரிமை, 1938இல் ஹென்றி போர்டுடன் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம், 1939இல் போர்டு 9என் டிராக்டர்.

டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி போட்டு மரவேரை இழுப்பவர்களை இன்றும் பார்க்கலாம். தள்ளல் விழவேண்டிய இடத்தில் இழுவையைக் கொடுத்தால் பெர்குசன் தடுத்த விபத்தைக் கூப்பிட்டு வரவழைப்பதுதான். இழுப்பதற்கு ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் கொக்கிதான் சரி.

சரி, ஓட்டைகளுக்கு வருவோம். உலகத் தர அளவில், சிறிய டிராக்டர்களுக்கான முதல் வகை (கேட்டகரி 1) இணைப்புக்குக் கீழ்ப் பின்கள் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. கீழிரண்டுக்கும் நடுவே 683 மி.மீ. அவற்றிலிருந்து மேல் ஓட்டை 460 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். குறுகலான 1என் வகையில் கீழ் இடைவெளி 400 மி.மீ.தான். ஆகவே சொந்த வண்டியை அளந்த பிறகே வெட்ட வேண்டும்.

அந்த 460 எதற்கு? 200 கிலோ எடையுள்ள கருவி, எடை மையம் கீழ்ப் பின்களிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூக்கியதும் அது பின்னால் சாயப் பார்க்கும்; பிடித்து நிறுத்துவது டாப் லிங்க். 200ஐ 0.8ஆல் பெருக்கி 0.46ஆல் வகுத்தால் டாப் லிங்க் தாங்கும் இழுவை கிட்டத்தட்ட 350 கிலோ. இரும்பு மிச்சம் என்று மேல் ஓட்டையை 300 மி.மீ.யில் போட்டால் அது 530ஐத் தாண்டும். வரப்பில் வண்டி குதித்தால் இன்னும் ஏறும். தூக்கும்போது இழுவை, உழும்போது தள்ளல் என்று மாறி மாறி வருவதால் வெல்டின் ஓரத்தில் முடி போன்ற விரிசல் விழுந்து வளரும். மேல் ஓட்டையிலிருந்து சட்டத்தின் பின்கோடிக்குச் சாய்வாக இரண்டு பட்டைகள் கொடுத்து முக்கோணமாக்கிவிட்டால் கனமான பிளேட்டே தேவைப்படாது.

அதே கருவி வண்டியை என்ன செய்கிறது? கீழ்ப் பின்கள் ஆக்ஸிலிலிருந்து 70 செ.மீ. பின்னால் இருந்தால் எடை மையம் 1.5 மீட்டர் தொலைவில். வண்டியின் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவிலும் அதே 1.5 மீட்டர் என்றால், முன்சக்கரம் 200 கிலோவை இழக்கும். பின்சக்கரம் 400 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கும். 1000 கிலோ வண்டியில் முன்னால் இருந்த 400 கிலோ பாதியாகிவிட்டது. மேடேறும்போது ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது இதனால்தான். பிளேடை ஒரு சாண் முன்னால் கொண்டுவந்தால் காசில்லாமலே அந்த இழப்பு கொஞ்சம் குறையும்.

கனம் பற்றிய கேள்வியிலும் பலரும் பார்க்காத ஒன்று உண்டு. பிளேடின் ஒரு மூலை கல்லில் இடித்தால் சட்டம் வளைவதைவிட முறுக்கிக்கொள்ளும். சி சேனல் முறுக்குக்கு ஆகாது. 75 மி.மீ. சதுரக் குழாய், 6 மி.மீ. கனம், அதன் நீளத்துக்கும் ஒரு கீறல் போட்டுத் திறந்துவிட்டால் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகிவிடும். இரும்பின் எடை மாறவில்லை, மூடிய வடிவம் போய்விட்டது. சேனல்தான் கிடைத்தது என்றால் இரண்டை எதிரெதிராக வைத்து வாயோடு வாய் பற்றவைத்துப் பெட்டியாக்கலாம்.

வெட்டு விளிம்புக்கு லாரி ஸ்பிரிங் பட்டை அருமையான பொருள். ஆனால் அதில் கார்பன் அதிகம். பற்றவைத்து அப்படியே ஆறவிட்டால் வெல்டின் பக்கத்தில் கண்ணாடி போல இறுகிப் பொட்டென்று உடையும். ஓட்டை போட்டு போல்ட் வைப்பதே நல்லது, தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். அந்த ஓட்டையையும் பட்டறையில் சிலர் கேஸ் கட்டரால் போடுவார்கள். அங்கேயும் அதே சூடு, அதே இறுக்கம். டிரில்தான் போட வேண்டும், பட்டை கடினம் என்பதால் மெதுவாக, நிறைய எண்ணெய் விட்டு.