ஸ்ப்ளைஸ்: பிளவில் பிறந்த சொல்லும் அதற்குரிய தமிழும்

வீட்டுக் காணொளிகளைத் திருத்தும் மென்பொருள்களில், தனித்தனியாக எடுத்த துண்டுகளை ஒன்றாக்கும் ஒரே வேலைக்கு நான்கைந்து பெயர்கள் புழங்குகின்றன. ஒன்றில் ‘மெர்ஜ்’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘ஜாயின்’ என்றிருக்கும், வேறொன்றில் ‘கம்பைன்’ என்றிருக்கும். கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் அதுவே ‘கான்கேட்’ ஆகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மூத்த தொழிற்சொல் ‘ஸ்ப்ளைஸ்’. தமிழில் எழுதும்போது நாம் இவை அனைத்தையும் ‘இணைத்தல்’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். அந்தப் பெட்டி நிரம்பி வழிகிறது என்பதோடு, இந்த வேலைக்கு அது அத்தனை பொருத்தமாகவும் இல்லை என்பது என் எண்ணம்.

ஸ்ப்ளைஸ் என்பது கப்பலிலிருந்து வந்த சொல். இடைக்கால டச்சு மொழியின் ‘ஸ்ப்ளிஸென்’ என்ற வினை, 16ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இரண்டு கயிறுகளை முடிச்சுப் போட்டு ஒன்றாக்கலாம். ஆனால் அந்த முடிச்சு கப்பிக்குள் போகாமல் சிக்கிக்கொள்ளும், கயிற்றின் வலுவையும் குறைக்கும். ஆகவே இரு கயிறுகளின் நுனிகளிலும் புரிகளைப் பிரித்து, ஒன்றின் புரிகளை மற்றொன்றின் முறுக்குக்குள் மாற்றி மாற்றிச் செருகி இறுக்குவார்கள். சேர்ந்த இடம் சற்றே தடிப்பதைத் தவிர வேறு அடையாளம் இராது. பிளத்தலைக் குறிக்கும் ‘ஸ்ப்ளிட்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே குடும்பம் என்று சொற்பிறப்பு அறிஞர்கள் கருதுகிறார்கள். பிரித்தால்தான் பின்ன முடியும் என்பதால் சேர்க்கும் தொழிலுக்குப் பிளத்தலின் பெயர் அமைந்தது. (ஆங்கிலப் பேச்சுவழக்கில் இதே சொல்லுக்குக் கல்யாணம் என்ற பொருளும் உண்டு, மூன்று முடிச்சுப் போடும் நாம் அதைக் கேட்டுச் சிரிக்க உரிமையற்றவர்கள்.)

கயிற்றிலிருந்து படச்சுருளுக்கு இச்சொல் தாவியது இயல்பாகவே நடந்தது. சுருளின் இரு முனைகளையும் சேர்க்க முதலில் பயன்பட்டது பசை: ஒரு முனையின் மேலிருக்கும் பூச்சைச் சுரண்டி எடுத்து, பசை தடவி, மற்ற முனையை அதன்மேல் ஏற்றி அழுத்த வேண்டும். அப்படி ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டினால் ஓரிரு சட்டங்கள் (சுருளில் வரிசையாக இருக்கும் தனித்தனிப் படங்கள்) பலியாகும். பிறகு, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் நேருக்கு நேர் வைத்து ஒளிபுகும் நாடாவால் ஒட்டும் கருவி வந்தது. இயக்குநர் ஃபெலினியின் படங்களைத் தொகுத்த இத்தாலியரான லியோ கட்டோசோ வடிவமைத்த கருவி உலகெங்கும் தொகுப்பு மேசைகளுக்குப் பரவியது. நாடாவை உரித்துவிட்டு ஒரு சட்டமும் இழக்காமல் மறுபடி ஒட்டலாம் என்பதால், தொகுப்பவருக்கு மனம் மாறும் சுதந்திரம் கிடைத்தது.

வீட்டுப் படங்களுக்கும் இதே கதைதான். கோடக் நிறுவனம் 1965இல் கொண்டுவந்த சூப்பர் 8 சுருள் ஒன்றின் நீளம் 50 அடி. நொடிக்கு 18 சட்டம் என்ற வேகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். ஒரு பிறந்தநாளே மூன்று நான்கு சுருள்களாகச் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பி, உள்ளங்கையளவு கருவியால் வெட்டி ஒட்டிப் பெரிய சுருளாக்கியவர்கள்தான் இன்றைய வீட்டுத் தொகுப்பாளர்களின் முன்னோர்கள். காந்த நாடாவில் பதியும் ஆம்பெக்ஸ் காணொளிக் கருவி 1956இல் வந்தபோதும் முதலில் வெட்டித்தான் ஒட்டினார்கள். ஆனால் நாடாவில் படம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், இரும்புத்துகள் கலந்த திரவத்தைத் தடவி, தடங்களை உருப்பெருக்கியில் பார்த்து வெட்ட வேண்டியிருந்தது. இன்று திரையில் விரலால் இழுத்துவிடும் வேலைக்குப் பின்னால் இத்தனை கத்திகள் இருக்கின்றன.

பிற சொற்களையும் விரைவாகப் பார்த்துவிடலாம். ‘மெர்ஜ்’ என்பது மூழ்குதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒன்று மற்றொன்றில் கரைந்து போவதே அதன் உட்பொருள். ஆற்று நீர் கடலில் கலப்பதற்கு அது பொருந்தும், வரிசை குலையாமல் நிற்க வேண்டிய காட்சிகளுக்குப் பொருந்தாது. ‘கான்கேட்’ சங்கிலி என்ற பொருளுடைய ‘கதேனா’விலிருந்து வந்ததால் இதைவிடத் தேவலாம். ‘கிளிப்’தான் வேடிக்கையான சொல்: ஆங்கிலத்தில் வெட்டுதல், பிடித்துவைத்தல் என்ற எதிர்ப்பொருள்கள் இரண்டும் அதற்கு உண்டு, இரண்டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே ஒலிப்பில் சந்தித்தவை. காணொளிக் ‘கிளிப்’ வெட்டுதலின் பிள்ளை. தமிழிலும் துணித்தெடுத்த ஆடைக்குத் துணி என்று பெயர் வைத்தவர்கள் நாம். ஆகவே கிளிப்புக்குத் துண்டு என்றோ துணுக்கு என்றோ சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

இனித் தமிழுக்கு வருவோம். ‘இணை’ என்றால் சோடி, ஒப்பு என்பவை அடிப்படைப் பொருள்கள். இணையடி என்றால் இரண்டு பாதங்கள். இரண்டை அருகருகே வைக்க அது போதும், பதினேழை வரிசையாக நிறுத்த அது சற்றுத் திணறும். அதோடு மின் இணைப்பு, இணைய இணைப்பு, மின்னஞ்சலில் வரும் இணைப்பு, செய்தித்தாளோடு வரும் ஞாயிறு இணைப்பு என்று அச்சொல்லின் தலையில் ஏற்கெனவே போதிய சுமை இருக்கிறது. ‘ஒட்டு’ என்பது படச்சுருள் காலத்துக்கு மிகச் சரியான சொல், ஒட்டுமாங்கன்றைப் போல. ஆனால் இன்று பசையும் இல்லை, நாடாவும் இல்லை. தமிழ்நாட்டுக் கல்யாண வீடியோக்காரர்கள் இந்த வேலை முழுவதையும் ‘மிக்ஸிங்’ என்றே சொல்லிவந்தார்கள். மாப்பிள்ளையின் முகம் தாமரைப் பூவுக்குள்ளிருந்து விரிந்த காலத்தில் அது மெய்யாகவே கலவைதான் என்பதால், அந்தப் பெயரில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

இந்த வேலையின் நுட்பத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வைத்திருப்பது நம் இலக்கணம்; அது எடுத்துக்கொண்ட பொருள்தான் வேறு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை இயல்பு, விகாரம் என்று பிரிக்கிறது. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆகும்போது எதுவும் மாறவில்லை. காட்சி முடிந்த சட்டத்துக்கு அடுத்த சட்டத்திலேயே மறு காட்சி தொடங்கும் நேர்வெட்டு அது. வாழையும் பழமும் சேரும்போது நடுவில் ஒரு ‘ப்’ தோன்றுகிறது; இரு காட்சிகளுக்கு நடுவே ‘மறுநாள் காலை’ என்று எழுத்துப் போடுவது அந்தத் தோன்றல். பொன்னும் குடமும் பொற்குடமாகும் திரிதலில் முன்னதன் கடைசி உருமாறிப் பின்னதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு காட்சி மங்கிக்கொண்டே அடுத்ததாக மாறுவதும் இப்படித்தான். மரமும் வேரும் மரவேர் ஆகையில் ‘ம்’ கெடுகிறது. பதிவை நிறுத்தும் அவசரத்தில் தரையையும் செருப்பையும் படமெடுத்த கடைசி இரண்டு நொடிகளை நறுக்கி எறிவது அந்தக் கெடுதல். இத்தனை பொருத்தம் இருந்தும் ‘புணர்ச்சி’ என்ற சொல்லை இன்று ஒரு மென்பொருளின் பொத்தானில் எழுத முடியாது என்பது வருத்தம்தான்.

சொல்லைத் தேர்வதற்கு முன் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அக்கா மகனின் காதுகுத்தை மூன்று கைப்பேசிகளில் எடுத்த 17 துண்டுகளை ஒன்றாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. படத்தை மறுபடி குறியாக்காமல் (என்கோட் செய்யாமல்), கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே அடுக்கும் விரைவு வழியை முதலில் முயன்றேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் ஆறாம் துண்டிலிருந்து அத்தைமார்கள் எல்லாரும் அகலவாட்டில் நசுங்கினார்கள்; குழந்தை வீறிட்ட ஒலி முன்னால் வந்தது, ஆசாரியின் கை பின்னால் வந்தது. பிழை கருவியினுடையதன்று. அப்படி அடுக்க வேண்டுமானால் எல்லாத் துண்டுகளும் ஒரே குறியாக்க முறையிலும், ஒரே படவளவிலும், ஒத்த நேர அலகிலும் இருக்க வேண்டும். எங்கள் துண்டுகளில் சில 1920க்கு 1080 புள்ளி என்று படுக்கையாகவும், சில 1080க்கு 1920 என்று நெட்டுக்குத்தாகவும் இருந்தன.

காலக்கோட்டில் (டைம்லைனில்) துண்டுகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் வேறு வகையில் இயங்குகிறது. நாம் அங்கே எந்தக் கோப்பையும் வெட்டுவதில்லை. இந்தக் கோப்பில் 12ஆம் நொடியிலிருந்து 20ஆம் நொடிவரை, அதன்பின் அந்தக் கோப்பில் தொடக்கத்திலிருந்து 5ஆம் நொடிவரை என்று ஒரு குறிப்புப் பட்டியல்தான் உருவாகிறது. இறுதியில் ஏற்றுமதி செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாகக் குறியாக்கி, ஒரே கோப்பாக எழுதித் தருகிறது. மூலத் துண்டுகள் அப்படியே இருக்கின்றன. வரிசை பிடிக்கவில்லையென்றால் அவிழ்த்து மாற்றலாம்.

வாடாமல், கரையாமல், தத்தம் வடிவோடு வரிசையில் நிற்பவற்றை ஒன்றாக்கும் செயலுக்குத் தமிழில் ‘தொடுத்தல்’ என்ற வினை காத்திருக்கிறது. பூவைத் தொடுக்கிறோம், மாலைக்குத் தொடையல் என்றும் தொடலை என்றும் பெயர்கள் உண்டு, ‘தொடலைக் குறுந்தொடி’ என்று குறள் (1135) சொல்வது மாலைபோல் தொடர்ந்த சிறு வளையல்களை அணிந்தவளை. செய்யுள் உறுப்புகளில் ஒன்று தொடை. தொடரும் தொடர்ச்சியும் இதே வேரைச் சேர்ந்தவை. பத்துச் செண்டு மல்லிகைக்கு நடுவே ஒரு கொத்து மரிக்கொழுந்து வைத்துத் தொடுப்பவருக்கு எதன்பின் எது வர வேண்டும் என்ற கணக்கு இருக்கிறதே, தொகுப்பவருக்கு வேண்டியதும் அதே கணக்குத்தான். ‘கோத்தல்’ என்பதும் நெருங்கிய சொல்லே. ஆனால் கோப்பதற்கு ஊசி துளைக்க வேண்டும், அதோடு கோத்தா கோர்த்தா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

துண்டும் துண்டும் சந்திக்கும் அந்த ஓரிடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அதற்கு ‘மூட்டு’ என்பேன். கடையில் வாங்கிய கைலியின் இரு ஓரங்களையும் தையற்காரரிடம் கொடுத்து மூட்டி வாங்குகிறோம். மூட்டு சரியாக விழுந்தால் கட்டத்தோடு கட்டம் பொருந்திப் போகும், பிசகினால் ஊரே பார்க்கும். காணொளியின் மூட்டைக் கண்ணைவிடக் காது முதலில் கண்டுபிடிக்கிறது. எங்கள் காதுகுத்தில் நாதசுரம் பாதி இழுவையில் அறுந்து, பந்தியில் சாம்பார் வாளி மோதும் ஒலி பாய்ந்தபோது அதை உணர்ந்தேன். காந்த நாடாவில் ஒலியை ஒட்டியவர்கள் நாடாவைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டியது இதற்காகத்தான். சாய்வான மூட்டில் ஓர் ஒலி தேய்கையிலேயே மற்றது எழும். மென்பொருளில் ஒலித்தடங்களை ஓரிரு சட்டமளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிட்டால் அதே பயன் கிடைக்கும்.

சொல்லாக்கத்தில் இரண்டு இடர்கள் உண்டு. தொடுத்தலின் பெயராகத் ‘தொடுப்பு’ என்று எழுதலாம். இணைய முகவரிச் சுட்டிக்கு அதைப் பயன்படுத்துவோரும் உண்டு. தமிழ்நாட்டுப் பேச்சில் அச்சொல்லுக்கு வீட்டுக்குத் தெரியாத உறவு என்ற பொருள் வலுவாக ஒட்டியிருப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். ஏவலாகத் ‘தொடு’ என்று பொத்தானில் எழுதினால், தொடுதிரையில் அதைப் படிப்பவர் விரலை வைக்கச் சொல்கிறது என்றே கொள்வார். தொட்டான், தொடுத்தான் என்று இறந்தகாலத்தில் பிரியும் இரு வினைகளும் ஏவலில் ஒரே உருவம் கொள்வதால் வரும் குழப்பம் இது. ‘சேமிக்க’, ‘நீக்க’ என்று எழுதும் வழக்கம் இருப்பதால், ‘தொடுக்க’ என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்கிறது. அதன் அருகிலேயே இருக்கும் ‘ஸ்ப்ளிட்’ பொத்தானுக்குத் ‘துணிக்க’ என்று எழுதலாம்.