இரண்டு ஒயருக்குள் நான்கு பக்கச் சத்தம்

மதுரையில் பழைய வீட்டைக் காலி பண்ணும்போது பரணிலிருந்து இறங்குகிற சாமான்களில் அநேகமாக ஒரு கறுப்பு ரிசீவரும் (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) இருக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாரோ தூக்கிவந்தது. முன்னால் 'டால்பி புரோ லாஜிக்' என்று எழுதியிருக்கும், பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக வரிசையாய் ஆர்சிஏ ஓட்டைகள், அவ்வளவுதான். எச்டிஎம்ஐ கிடையாது, ப்ளூடூத் கிடையாது, அதனால் எடைக்குப் போட்டுவிடலாம் என்பார்கள். அவசரப்படாதீர்கள். அந்தப் பெட்டி செய்கிற வேலை ரொம்ப அழகான வேலை, அதைப் புரிந்துகொண்டால் எங்கே எதைச் சொருகுவது, எந்த ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலில் ஒரு கேள்வி. உள்ளே போவது சிவப்பு, வெள்ளை என்று இரண்டே ஒயர். வெளியே வருவது இடது, நடு, வலது, பின்பக்கம் என்று நான்கு தனித்தனிச் சத்தம். பின்பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும். இரண்டு எப்படி நான்கானது? "சும்மா கொஞ்சம் எக்கோ சேர்த்துப் பின்னால் அனுப்புறான் சார்" என்று சொல்கிற மெக்கானிக்குகள் உண்டு. கரோக்கே போர்டில் இருக்கிற பிடி2399 என்ற எக்கோ ஐசி அப்படித்தான் செய்யும். ஆனால் புரோ லாஜிக் வேறு சாதி.

இதன் பிறப்பு தியேட்டரில். 35 மிமீ ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒதுக்கிய இடம் சுமார் 2.5 மிமீ அகலம்தான். 1970களின் நடுவில் டால்பிக்காரர்கள் அதில் இரண்டு டிராக் போட்டார்கள், ஆனால் தியேட்டருக்குத் தேவை நான்கு. அதற்காக நான்கையும் ஒரு கணக்குப்படி இரண்டுக்குள் கலந்தார்கள். இடது சத்தம் இடது டிராக்கில் மட்டும், வலது சத்தம் வலதில் மட்டும். வசனம், அதாவது நடுச் சத்தம், இரண்டிலும் சம அளவில், 0.7 மடங்காக. பின்பக்கச் சத்தமும் இரண்டிலும் 0.7 மடங்குதான், ஆனால் ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. தலைகீழ் என்றால், ஒரு டிராக்கில் அலை மேலே ஏறும் அதே நொடியில் மற்ற டிராக்கில் கீழே இறங்கும். (உண்மையில் ஒரு பக்கம் 90 டிகிரி முன்னும் மறுபக்கம் 90 டிகிரி பின்னும் திருப்புகிறார்கள், இரண்டுக்கும் நடுவே 180 டிகிரி வித்தியாசம் என்பதுதான் நமக்கு முக்கியம்.)

இப்போது வீட்டில் பிரிப்பது சுலபம். இரண்டு ஒயரையும் கூட்டினால் தலைகீழாய் இருக்கிற பின்பக்கச் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், வசனம் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வசனம் காலி, பின்பக்கச் சத்தம் மட்டும் மிஞ்சும். பாட்டில் பாடகர் குரலை மட்டும் அழிக்கும் மலிவான கரோக்கே பட்டனும் இதே கழித்தல் கணக்குதான், அங்கே தூக்கி எறிகிற வேலை, இங்கே எடுத்துவைக்கிற வேலை.

சினிமாவை விஎச்எஸ் கேசட்டுக்கும் லேசர் டிஸ்க்குக்கும் மாற்றியபோது இந்த இரண்டு டிராக் அப்படியே வீட்டுக்கு வந்தது, உள்ளே ஒளிந்திருந்த பின்பக்கமும் கூடவே வந்தது. அதைப் பிரித்தெடுக்க 1982இல் டால்பி சரவுண்ட் என்று வீட்டு டிகோடர் வந்தது, 1987இல் புரோ லாஜிக். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. வெறும் கூட்டல் கழித்தல் செய்தால் இடதுபக்கச் சத்தம் கூட்டலிலும் இருக்கும், கழித்தலிலும் இருக்கும், அதனால் இடது ஸ்பீக்கரில் கத்துகிற ஆள் நடுவிலும் பின்னாலும் 3 டெசிபல் மட்டுமே குறைவாகக் கத்துவான். அந்த 3 டெசிபல் காதுக்கு ஒன்றுமேயில்லை. புரோ லாஜிக் என்ன செய்கிறதென்றால், இடதா வலதா, கூட்டலா கழித்தலா, இப்போது எது ஓங்கி நிற்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்து, ஓங்கி நிற்கிற சத்தம் மற்ற ஸ்பீக்கர்களுக்கு எவ்வளவு கசிகிறதோ அதே அளவை எதிராகக் கொடுத்து அங்கே அழிக்கிறது. ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான பிரிவு 30 டெசிபல் அளவுக்குப் போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு திசையைத்தான் இப்படிக் கவனிக்க முடியும் என்பது இதன் பலவீனம்.

அப்படியும் கொஞ்சம் வசனம் பின்னால் கசியும். அதை மறைக்க ஒரு தந்திரம்: பின்பக்கத்தை 15 முதல் 30 மில்லிசெகண்ட் வரை தாமதப்படுத்துவது. சித்திரைத் திருவிழாவில் வரிசையாகக் குழாய் கட்டிய தெருவில் நின்றால் எல்லாக் குழாயிலும் ஒரே பாட்டுதான் வரும், ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற குழாயே பாடுகிற மாதிரி இருக்கும். முதலில் வந்து சேர்கிற சத்தம் எந்தத் திசையோ அதையே காது நம்பும், சிறிது நேரம் கழித்து வருவதை அதோடு சேர்த்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1949இல் இதை அளந்து எழுதினார். தூரத்துக் குழாய் 35 மீட்டருக்கு அப்பால் போய்விட்டால் 100 மில்லிசெகண்ட் ஆகிவிடும், அப்போது சொல் இரண்டு தடவை கேட்கும்.

நம் ஊர் ஹாலில் சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கும். முன் ஸ்பீக்கர் 3 மீட்டரில், பின் ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டரில் என்று வையுங்கள். மதுரை வெயிலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 352 மீட்டர் ஓடும், அப்படிப் பார்த்தால் பின்சத்தம் 4 மில்லிசெகண்ட் முந்திக்கொள்கிறது. ரிசீவரில் பின்பக்கத் தாமதத்தை 20 மில்லிசெகண்ட் வைத்தால் நிகரமாக 16 தாமதம் கிடைக்கும், வசனம் டிவியிலேயே நிற்கும்.

சரி, பரணிலிருந்து இறக்கியாயிற்று. நேரே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். பின்னால் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், ஜப்பான் உள்நாட்டு மாடல் 100, அமெரிக்க மாடல் 120. நம் 230இல் போட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு தெவிட்டிப்போய் கரண்ட் எகிறும், ஃபியூஸ் போகும், போகாவிட்டால் அதைவிட மோசம். அவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 230 மாடலாகவே இருந்தாலும், பல வருஷம் மொட்டைமாடிக் கான்கிரீட்டுக்கு அடியில் வெந்த செட் அது, எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். முதல் தடவை 100 வாட்ஸ் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அப்புறம் நேரடி கரண்ட் கொடுத்ததும் சில நொடியில் உள்ளே 'டக்' என்று ஒரு ரிலே சத்தம் வரவேண்டும். வராவிட்டால் அவுட்புட்டில் டிசி, அதாவது ஸ்பீக்கரை எரித்துவிடும் நேர்மின்சாரம், நிற்கலாம், அந்த நிலையில் ஸ்பீக்கர் மாட்டி விளையாடக் கூடாது. இதெல்லாம் மூடியைத் திறக்கத் தெரிந்த ஆள் பார்க்கிற வேலை.

பழைய ஸ்பீக்கரின் கோனைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஈரக்காற்றில் அது வருஷக்கணக்கில் சிதைந்து, தொட்டதும் பிசுபிசுவென்று பொடியாக உதிரும். வளையம் மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரை எறிய வேண்டாம். ரப்பர், துணி வளையங்கள் தாக்குப்பிடிக்கும்.

டிவியில் ஆப்டிகல் (ஒளிவழி டிஜிட்டல் அவுட்புட்) மட்டுமே இருந்தால் டிஜிட்டலை ஆர்சிஏ ஒயருக்கு மாற்றித்தரும் ஒரு சின்ன டிஏசி பெட்டி வாங்கி நடுவில் போடுங்கள், டிவியின் ஆடியோ செட்டிங்கை பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் சத்தம்) ஆக்குங்கள், இல்லையென்றால் அந்தப் பெட்டிக்குப் புரியாது, சத்தமே வராது. டிவிடி பிளேயர் இருக்கிறவர்கள் மெனுவில் டவுன்மிக்ஸ் என்ற இடத்தில் 'ஸ்டீரியோ'வுக்குப் பதில் 'எல்டி/ஆர்டி'யைத் தேர்ந்தெடுங்கள், நான்கை இரண்டாக்கும் மேலே சொன்ன கணக்கு அதில்தான் இருக்கிறது.

இனி இரண்டு ஒயரின் சமநிலை. எல்லாமே கழித்தல் கணக்கு என்பதால் இரண்டு பக்கமும் அளவு ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0.9 என்று வந்தால் மிஞ்சுகிற 0.1 அப்படியே பின்னால் பேசும். ஒரு ஆர்சிஏ பின் லூஸ் காண்டாக்ட் ஆனால் வில்லன் வசனம் சோபாவுக்குப் பின்னாலிருந்து வரும், ஸ்பீக்கர் ஒயரைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் பிடுங்குவார்கள். பின்னைத் துடைத்து இறுக்கிச் சொருகினாலே பாதிக் கோளாறு தீரும், சில செட்டில் இதற்கென்றே இன்புட் பாலன்ஸ் திருகி உண்டு. இதற்கு எதிர்மாறான புகார், 'பழைய பாட்டு போட்டால் பின்னால் வேலையே செய்யவில்லை' என்பது. மோனோ பாட்டில் இரண்டு ஒயரிலும் ஒரே சத்தம், கழித்தால் பூஜ்யம். செட் ஒழுங்காய் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. குறைந்த பிட்ரேட்டில் சுருக்கிய எம்பி3யோ கதையே வேறு, இரண்டு பக்கத்து வித்தியாசத்தில்தான் அது அதிகம் வெட்டியிருக்கும், அந்த வெட்டுக்காயம் பின் ஸ்பீக்கரில் 'ஸ்விஷ் ஸ்விஷ்' என்று அம்மணமாகக் கேட்கும்.

பின் ஸ்பீக்கருக்குச் செலவு செய்யாதீர்கள், அந்தப் பக்கம் 7 கிலோஹெர்ட்ஸோடு வெட்டப்பட்டது, அதற்கு மேலான கீச்சுச் சத்தம் அங்கே வராது, சின்னப் பெட்டி போதும். காது உயரத்துக்கு இரண்டடி மேலே, பக்கச்சுவரில் மாட்டினால் நல்லது. நடு ஸ்பீக்கர் இல்லையென்றால் ரிசீவரில் 'ஃபாண்டம்' வையுங்கள், வசனம் இடது வலது இரண்டிலும் பிரிந்து நடுவில் கேட்கும். கண்டதைக் கொண்டுவந்து நடுவில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியில் டெஸ்ட் டோன் பட்டனை அழுத்தினால் 'ஷ்ஷ்' சத்தம் இடது, நடு, வலது, பின் என்று சுற்றிவரும். எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து நான்கும் ஒரே அளவில் கேட்கும்படி திருகுங்கள். முதல் வாரம் எல்லாரும் பின்பக்கத்தைக் கூட்டி வைப்பார்கள், காசு கொடுத்தது கேட்க வேண்டுமே! படம் ஓடும்போது பின்னால் ஸ்பீக்கர் இருப்பதே தனியாகத் தெரிந்தால் இரண்டு டெசிபல் குறைத்துவிடுங்கள்.