ஈ46 காரின் கூலிங் சிஸ்டம்: ஏன் முழு செட்டாக மாற்ற வேண்டும்?

பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் ஈ46 மாடல் 1998-இல் வந்தது. 2000-இல் அதில் சேர்ந்த எம்54 ஆறு சிலிண்டர் இஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்தால் மிக நீண்ட காலம் உழைக்கும். அதற்கு எமனாக வருவது பெரும்பாலும் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான்.

ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் தரும் தொட்டி), தெர்மோஸ்டாட் (குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) கூடு, ஹோஸ் முனைகள் எல்லாம் நைலான் வகைப் பிளாஸ்டிக். கூலன்டில், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தில், இருக்கும் சூடான நீரும் கிளைகாலும் நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆண்டுக்கணக்கில் மெல்ல வெட்டிக்கொண்டே இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை வண்டி சூடாகும்போதும் விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. புதிதில் கொஞ்சம் வளைந்துகொடுத்த பொருள் பத்தாண்டில் பிஸ்கட் போல நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும்.

இந்த இஞ்சின் வேண்டுமென்றே சூடாக ஓடும்படி அமைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட் 97 டிகிரியில்தான் திறக்கும். ஆயில் இளகி உராய்வு குறையும், எரிபொருள் மிச்சமாகும், புகையும் சுத்தமாகும். ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டினால் கம்ப்யூட்டர் தெர்மோஸ்டாட்டின் மெழுகுக்குள் இருக்கும் சிறு ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்து முன்கூட்டியே திறக்க வைக்கும். கூலன்டின் வெப்பம் உடனே இறங்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் சாதாரண ஓட்டத்தில் பிளாஸ்டிக் நாள் முழுக்க அந்த உயர் வெப்பத்திலேயே வேகிறது. அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது: பழைய டேங்க் மூடி 2 பார் வரை தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 133 டிகிரி வரை கொதிக்காது. டேங்கின் ஒட்டு பிளந்தால் அழுத்தம் சட்டென்று விழும். உள்ளே இருப்பது அப்போதே கொதித்து ஆவியாக வெளியேறும்.

டேஷ்போர்டு முள்ளை நம்பி ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. ஏறத்தாழ 75 முதல் 115 டிகிரி வரை அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது நகரும்போது நேரம் கடந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும். கூலன்ட் முழுதும் வடிந்து சென்சார் ஆவியில் நின்றால் அளவு தவறாகவும் காட்டலாம். காரின் கம்ப்யூட்டரோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவி வைத்து உண்மையான டிகிரியைப் பார்ப்பதே நல்லது.

அதிகச் சூட்டில் இஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளையும். அதைவிட மோசமான சேதம் அதன் கீழே நடக்கிறது: பிளாக்கும் அலுமினியம் என்பதால் ஹெட் போல்ட் பிடித்திருக்கும் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். பிறகு இடையில் இருக்கும் கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. துளையை அகலப்படுத்தி எஃகு மரை பொருத்த வேண்டும்.

ஆகவே ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். எல்லாம் ஒரே நாளில் பொருத்தப்பட்டு ஒரே சூட்டில் கிழடானவை. சுமார் 1,00,000 கிலோமீட்டர் ஓடியதும், அல்லது பழைய வண்டியை வாங்கியதுமே, ரேடியேட்டர், டேங்க், மூடி, மேல்-கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெல்ட், அதன் புல்லிகள் அனைத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

இஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பழைய கூலன்டில் பெரும் பங்கு பிளாக்கிலேயே தங்கிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும் பிளாக் போல்ட்டையும் திறக்க வேண்டும். மெக்கானிக்கல் ஃபேன் உள்ள வண்டியில் அதன் 32 மி.மீ. நட் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருப்பினால்தான் கழலும். பெல்ட்டைக் கழற்றும் முன்பே பம்ப் புல்லியின் போல்ட்களைத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டை எடுத்த பிறகு முயன்றால் புல்லி கூடவே சுற்றும். நட்களை எடுத்தும் பம்ப் வராவிட்டால் நெம்ப வேண்டாம். அதிலேயே இரண்டு மரைத் துளைகள் உள்ளன. எம்6 போல்ட் இரண்டை மாறி மாறி முறுக்கினால் நேராக வெளியே வரும். புது பம்ப்பின் ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலன்ட் தடவிப் பொருத்தி, நட்களை 10 நியூட்டன் மீட்டர் மட்டும் இறுக்குங்கள்.

மொத்தம் சுமார் 8.4 லிட்டர் பிடிக்கும். ஃபாஸ்பேட், நைட்ரைட், அமீன் இல்லாத நீல கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. இக்னிஷனை ஆன் செய்து, ஹீட்டரை உச்ச வெப்பத்தில், ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள்; அப்போதுதான் ஹீட்டர் வால்வு திறந்திருக்கும். காற்று நீக்கும் திருகைத் திறந்துவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஹெட்டில் காற்று தங்கி, புதிய பாகங்களோடும் வண்டி சூடாகும். அந்தத் திருகும் பிளாஸ்டிக். லேசாக இறுக்கினால் போதும். பித்தளைத் திருகு போடுவோர் உண்டு. அழுத்தி முறுக்கினால் இம்முறை டேங்கின் மரை போகும்.

உலோக இம்பெல்லர் (கூலன்டைத் தள்ளும் சுழல் சக்கரம்) உள்ள பம்ப் பொருத்தமான மாற்றம். பழைய பிளாஸ்டிக் இம்பெல்லர் விரிசல்விட்டுத் தண்டில் நழுவும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, கூலன்ட் ஓட்டம் மட்டும் நின்றுபோகும். 80 டிகிரி தெர்மோஸ்டாட்டை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி எதிர்பார்த்த சூட்டை எட்டவில்லை என்று கம்ப்யூட்டர் பிழை பதிந்து விளக்கை எரியவிடும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். நல்ல நிலையில் உள்ள சிஸ்டத்துக்கு அது தேவையே இல்லை.